எலிக்காய்ச்சலும் இரத்தப் பரீட்சையும்

மதுரைக்கு வடமேற்கே திண்டுக்கல் ரஸ்தாவிலுள்ள சமயநல்லூரையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களையும் அறிந்தவர்களுக்கு, நடவு காலத்தில் அங்கே ஆணும் பெண்ணும் முழங்கால் சேற்றில் நின்று உழைப்பது புதிய செய்தியன்று. அச்சேற்றில் பிராணிகளின் மூத்திரம் கலக்கிறதென்பதும், அதன் வழியே லெப்டோஸ்பைரா என்னும் சுருள் வடிவக் கிருமி காலிலுள்ள சிறு புண் மூலமாக உடம்பினுள் புகக்கூடுமென்பதுமே அநேகர் அறியாத விஷயம். எலிக்காய்ச்சலென்று பெயரிட்டுப் பழி முழுவதையும் எலியின் தலையில் சுமத்தியிருக்கிறோம். மாடு, நாய், பன்றி ஆகியவையும் இக்கிருமியைச் சுமப்பவையே.

1993-ம் வருஷக் கடைசியில் மதுரைப் பிரதேசத்தில் பெருமழையும் வெள்ளமும் உண்டாயின. அதன் பின்னர், 1994-ல், கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கியவர்கள் வழக்கத்திற்கு மாறாகப் பெருந்தொகையினராக மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை நாடினர். டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் முதலிய வைத்தியர்கள் ஆராய்ந்து, இது எலிக்காய்ச்சலைத் தொடர்ந்து வந்த கண் அழற்சியென்று கண்டனர். அவர்களில் 73 பேரின் விவரம் 1997-ல் அமெரிக்கக் கண் மருத்துவ சஞ்சிகையொன்றில் பிரசுரமாயிற்று. கண்ணின் நீரிலேயே கிருமியின் மரபணு இருப்பதைப் பி.ஸி.ஆர். பரீட்சை காட்டிற்று. காய்ச்சல் தணிந்து பல வாரங்களோ மாதங்களோ சென்ற பின்னரே கண்ணில் இந்நோய் தலைகாட்டுவது வழக்கம். காய்ச்சல் வந்த காலத்திலேயே அது இன்னதென்று நிச்சயிக்கப்பட்டிருந்தால், கண்ணைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்திருக்கலாமன்றோ?

மருந்து கொடுத்தால் காய்ச்சல் தணிந்துவிடுகிறதே, பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே நமது பதில். சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் டாக்ஸிசைக்ளினோ பெனிசிலினோ தொடங்க வேண்டியதே. பரீட்சையின் முடிவுக்காகச் சிகிச்சை காத்திருக்கலாகாது. ஆனால் மருந்து கொடுத்தாயிற்றென்று பரீட்சையைக் கைவிடுவதும் தகாது.

பரீட்சை செய்வதிலும் நாள்கணக்கு அறிந்து செய்யவேண்டும். முதல் வாரத்தில் கிருமி இரத்தத்திலேயே இருக்கிறது, அப்பொழுது பி.ஸி.ஆர். பயன்படும். எலிசா போன்ற பரீட்சைகள் தேடுவது கிருமியையன்று, அதனை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருளையே. அது தோன்ற ஏறக்குறைய ஒரு வாரமாகும். மூன்றாம் நாள் இரத்தமெடுத்து, "இல்லை" என்று எழுதி ஏழையை வீட்டுக்கு அனுப்புவது பரீட்சையே செய்யாமலிருப்பதினும் கேடானது. உயிருள்ள கிருமிகளோடு நோயாளியின் சீரத்தைக் கலந்து, அவை ஒட்டித் திரள்கின்றனவா என்று உருப்பெருக்கியில் பார்க்கும் "மாட்" பரீட்சையே பிரமாணமாகக் கொள்ளப்படுகிறது. அதற்குப் பலவகைக் கிருமிகளை இடைவிடாது வளர்த்துவரவேண்டும்; இரண்டு வாரம் கழித்து மறுமுறை இரத்தமும் வேண்டும். கிருமியை வளர்த்துக் காண்பதோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நீளும் காரியம்.

கூலி வேலைக்குச் செல்பவள் ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க மதுரைக்குப் பஸ் ஏறுவாளென்று எதிர்பார்ப்பது நியாயமா? கிராமச் சுகாதார ஊழியர் அவள் வீட்டிற்கே சென்று எடுத்துவரட்டும். காய்ச்சல் தொடங்கிய தேதியும் நோயாளியின் தொழிலும் இரத்தக் குப்பியோடு எழுதியனுப்பப்படட்டும். ஒரு வீட்டில் நோய் நிச்சயமானால், அவ்வீட்டு மாட்டையும் பரீட்சிக்குமாறு கால்நடை வைத்தியருக்கு அன்றே தகவல் செல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இவ்வேற்பாடுகளைச் செய்யுமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.