கல்லாவைப் போல் டிஸ்கையும் கவனியுங்கள்

வணிகப் பெருமக்களே, 'ரெய்டு' என்றதும் வரி அதிகாரிகளை எண்ணிப் பதற வேண்டாம். கம்ப்யூட்டரில் ஒரே கணக்கை இரண்டு டிஸ்கில் பதியும் முறையும் அந்தப் பெயரில் உண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். ஆபத்தும் அதில்தான். எங்கள் முதுநகர் மண்டியில் ஒன்று கெட்டது. வேலை நிற்காததால் எச்சரிக்கையை யாரும் பார்க்கவில்லை. மற்றதும் போனபின், நிலுவையை வாடிக்கையாளரிடமே கேட்டு எழுதினோம்.

கடை திறந்ததும் தராசைப் பார்ப்பதுபோல் டிஸ்க் நிலையையும் பாருங்கள். கெட்டதை அன்றே மாற்றி, புதியதில் கணக்கு முழுதும் ஏறியதா எனக் கவனியுங்கள். தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். 2015 வெள்ளம்போல் வந்தால் இரண்டும் நனையும். ஆகவே வாரம் ஒரு நகல் வேறிடத்தில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கைக் கெடு நாளிலிருந்து 72 மாதம் கணக்கைக் காப்பது நம் பொறுப்பு.