உன்னை ஆர் கலைக்கிறாங்கள்?

சென்ற மாதம் ஹேர்னிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. மண்டபத்தில் எங்கள் மேசைக்கு எதிரே இருந்த மாமா ஒருவர் என் காலைப் பார்த்தார். செருப்புக்குள் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. காரணம் சொன்னேன்: செப்ரெம்பரில் ஆல்ப்ஸ் மலையில் நூறு கிலோமீற்றர் ஓட்டமொன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், அதற்காகப் பயிற்சி எடுக்கிறேன். "பிள்ளை, உன்னை ஆர் கலைக்கிறாங்கள்?" என்றார். மேசை முழுக்கச் சிரித்தது. "உதுக்குக் காசும் கட்டுறியோ?" என்றார் பக்கத்திலிருந்த அன்ரி. நானும் சேர்ந்து சிரித்தேன். வீடு திரும்பும் வழியில்தான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டென்மார்க்கில் மலை இல்லை. நாட்டின் மிக உயர்ந்த இயற்கைப் புள்ளியான மொல்லஹொய் 171 மீற்றரைக்கூடத் தொடாது. சில்க்கபோ பக்கத்தில், ஏரிக்கரையில் நிற்கும் 147 மீற்றர் மேட்டுக்கு டெனிஷ்காரர் இட்ட பெயர் ஹிம்மெல்பியர், அதாவது வானமலை. ஒரு காலத்தில் அதைத்தான் நாட்டின் மிக உயர்ந்த இடமென்று நம்பியிருந்தார்கள். ஏரி மட்டத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 120 மீற்றர் ஏற்றம். ஆல்ப்ஸுக்குப் போக நினைக்கும் யூலாந்துக்காரி வேறென்ன செய்வாள்? அதையே திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டும். இருபத்தொரு தடவை ஏறினால் 2,520 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலையான பேதுருதாலகாலையின் உயரத்துக்கு நாலு மீற்றர்தான் குறைவு. மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் அதைச் செய்தேன். அதிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரை மணித்தியாலம். பீச் மரங்கள் புதிதாகத் துளிர்த்திருந்தன. பத்தாவது ஏற்றத்தில் தொடை எரிந்தது. பதினாறாவதில் வாழைப்பழம் வயிற்றில் தங்கவில்லை. சுற்றுலாப் படகில் வந்திறங்கிய கிழவி ஒருத்தி, நான் மூன்றாம் முறை கடந்து போனபோது, எதையாவது தொலைத்துவிட்டாயா என்று அக்கறையோடு கேட்டாள்.

அவளுடைய கேள்வி எனக்குச் சுடவில்லை. மாமாவின் கேள்விதான் சுட்டது.

எங்கள் சமூகம் உடம்பை வருத்துவதற்கு மூன்று அனுமதிச் சீட்டுகள் வைத்திருக்கிறது: வேலை, வருத்தம், நேர்த்தி. மீன் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் கால் மரக்க நிற்கலாம். விடியப்புறம் பள்ளிக்கூடங்களைக் கழுவித் துடைக்கலாம். சீனி வருத்தம் வந்து வைத்தியர் சொன்னால் நடக்கலாம். அப்போது வீடே பெருமையோடு அடியெண்ணும். நேர்த்தி என்றால் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை, கிழக்குக் கரையோரமாக, யால காட்டையும் கடந்து, வாரக்கணக்கில் நடக்கலாம். அந்தப் பாதயாத்திரையில் பெண்கள் நடந்தார்கள், கிழவிகள் நடந்தார்கள். நெடுந்தூரம் எங்களுக்கு அந்நியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் விருப்பத்துக்காக ஒருத்தி மூச்சிரைக்க ஓடினால் அதற்குச் சீட்டு இல்லை. அவள் கலியாணமானவள் என்றால், "பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்ற கேள்வியும் கூடவே வரும். சனிக்கிழமை முழுக்கக் கரப்பந்தாட்டப் போட்டியில் நிற்கும் அப்பாக்களிடம் அதை யாரும் கேட்டு நான் காணவில்லை.

மாமாவின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அதிகாலை நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவரால் அதிகாலை ஐந்து மணிக்கு மலையேற முடியாது. நான் கதிரையில் இருந்து வேலை செய்பவள். சனி ஞாயிறு எனக்குச் சொந்தம். ஓட்டச் சப்பாத்துக்கும் போட்டிக் கட்டணத்துக்கும் நான் செலவழிக்கும் பணம் ஒரு காலத்தில் ஊருக்குப் போயிருக்கும். ஓய்வுநேரம் வசதியுள்ளவர்களின் சொத்து என்பது உண்மைதான். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு அதை எல்லோருக்கும் கேட்பதாக இருக்க வேண்டும். கிடைத்தவளைப் பார்த்துச் சிரிப்பதாக இருக்கக்கூடாது.

மறுபக்கத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. என்னோடு ஓடும் டெனிஷ் நண்பர் ஒருவர் ஒருநாள் பாராட்டாகச் சொன்னார்: தாங்கும் சக்தி உங்கள் ஆட்களின் இரத்தத்திலேயே இருக்கிறது, உன் பெற்றோர் எவ்வளவு பட்டிருப்பார்கள்! அவர் அதைச் சொன்னது உச்சியில், கோபுரத்தின் அடியில். அது 1849இல் இந்த நாட்டுக்கு அரசியலமைப்பைத் தந்த ஏழாம் பிரெடெரிக் மன்னரின் நினைவாக 1875இல் கட்டிய 25 மீற்றர்க் கோபுரம். நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன். 1987இல் நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட வைத்தார். மனைவி பிள்ளைகளைக் கூப்பிடச் சட்டப்படி உரிமை இருந்த ஆண்கள், குண்டு விழும் ஊரிலிருந்து கடிதம் வருமா என்று யூலாந்தின் சிறு நகரங்களில் காத்திருந்தார்கள். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்ததும் பிரதமர் பௌல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது. "தமிழர் வழக்கு" என்று அதை இங்கே இன்றும் எங்கள் பெயரால்தான் அழைக்கிறார்கள். தவறு செய்தவர்கள் நாங்கள் என்பது போல. அந்த ஆண்களின் பொறுமை இரத்தத்தில் ஊறிய திறமை அல்ல. வேறு வழியில்லாமல் அவர்கள்மீது சுமத்தப்பட்டது. அதைப் பாராட்டுவது, சுமத்தியவர்களை மறப்பதற்கு நல்ல வழி.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு இருவரும் இறங்கினோம்.

இந்த இதழின் வாசகர்களிடமும் ஒரு முறைப்பாடு உண்டு. புலம்பெயர் எழுத்தில் ஓட்டம் என்றால் அது எப்போதும் தப்பியோட்டம்தான். எல்லை, காடு, பனி, முகவர். அந்த எழுத்து எங்களுக்குத் தேவைப்பட்டது; அதை நான் மதிக்கிறேன். ஆனால் நான் 1991இல் இங்கே பிறந்தவள். நான் ஓடினால் அதற்கும் அதே பொருளைத்தான் தேடுகிறீர்கள். சென்ற வருடம் என் பயிற்சியைப் பற்றிக் கேட்ட ஒருவர், "இது உங்கள் அப்பாவின் ஓட்டத்தின் தொடர்ச்சிதானே?" என்றார். இல்லை. என் அப்பா 1986இல் ஓடியபோது அவரால் நிற்க முடியாது. நான் பதினாறாவது ஏற்றத்தில் வாந்தியெடுத்தபோது, வாகனத் தரிப்பிடத்தில் என் கார் நின்றது. சாவி இடுப்புப் பையில் இருந்தது. எந்த நிமிடமும் நான் நிறுத்தியிருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது அவருக்கும் அவமரியாதை, எனக்கும் பொய்.

அப்பாவுக்கு இப்போது அறுபத்தெட்டு. இருபத்தேழு வருடத் தொழிற்சாலை வேலை அவருடைய முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. வானமலையிலிருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் முப்பத்தொன்பது வருடம் வாழ்ந்தும் ஒருதரம்கூட அங்கே போனதில்லை. ஏன் என்று கேட்டேன். "அங்கை எனக்கு என்ன அலுவல்?" என்றார். மாமாவின் பகிடியைவிட அந்தப் பதில்தான் என்னை அதிகம் வருத்தியது. அலுவல் இல்லாத இடத்துக்கு இந்த உடம்பைக் கொண்டுபோகலாம் என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இந்த நாடும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

ஆகவே எங்கள் சங்கங்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோடை விளையாட்டுப் போட்டி வருகிறது. சிறுவர்களுக்கு நூறு மீற்றர், ஆண்களுக்குக் கயிறிழுத்தல், பெண்களுக்கு வழமைபோலச் சங்கீதக் கதிரை. வருடம் முழுக்க வேலைத்தலத்திலும் சமையலறையிலும் நிற்கிற பெண்களைக் கூப்பிட்டு, யார் முதலில் இருக்கிறார்கள் என்று போட்டி வைக்கிறோம். இந்த வருடம் அந்தக் கதிரைகளை அடுக்கி வையுங்கள். ஒரு பேருந்து பிடித்து எல்லோரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிவாருங்கள். கேடயம் வேண்டாம், நேரம் குறிக்கவும் வேண்டாம். விரும்பியவர் நடக்கட்டும், விரும்பியவர் ஓடட்டும், களைத்தவர் பாதியில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கட்டும். முழங்கால் ஏலாதவர்களுக்கு உச்சிக்குக் கிட்ட வாகனம் போகும். அப்பாவை நான் அப்படித்தான் கூட்டிவருவேன்.

ஏன் வந்தீர்கள் என்று அங்கே யாராவது கேட்டால், சும்மா வந்தோம் என்று சொல்லிப் பழகுவோம்.