வாக்குக் கணக்கும் வாய்க் கணக்கும்

தேர்தல் முடிந்தவுடன் மேடைகளில் முதலில் முழங்குவது வாக்கு வித்தியாசமே. "இத்தனை ஆயிரத்தால் வென்றோம், எதிரிகள் வேரற்றனர்" என்பர். தொகை மெய்யாயிருக்கலாம், அதனின்று கொள்ளும் முடிபும் மெய்தானா என ஆராய்தல் கற்றோர் கடனாம்.

சேலம் ஜில்லா ஏற்காட்டுத் தொகுதியையே நோக்குவோம். 2011-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அ. தி. மு. க. அபேட்சகர் பெருமாள் 1,04,221 வாக்குகளும், தி. மு. க. அபேட்சகர் தமிழ்ச்செல்வன் 66,639 வாக்குகளும் பெற்றனர், வித்தியாசம் 37,582. பெருமாள் காலமானமையால் 2013 டிசம்பரில் உப தேர்தல் நிகழ்ந்தது. அதில் அவர் மனைவியார் சரோஜா 1,42,771 வாக்குகளும், தி. மு. க.வின் மாறன் 64,655 வாக்குகளும் பெற்றனர், வித்தியாசம் 78,116.

வித்தியாசம் இருமடங்காயிற்று, ஆகவே தோற்ற கட்சியின் பலம் பாதியாயிற்று என ஒருவர் கூறின் கேட்போர் தலையசைப்பர். ஆனால் அக்கட்சி இழந்தவை 1,984 வாக்குகளே! எஞ்சிய பெருக்கமெல்லாம் வென்றவர் புதிதாய்ப் பெற்ற 38,550 வாக்குகளால் விளைந்தது. அதுவும் நிலைத்ததன்று. 2016-இல் அதே கட்சியின் சித்ரா 1,00,562 வாக்குகள் பெற்று, 83,168 பெற்ற தமிழ்ச்செல்வனை 17,394 வித்தியாசத்திலேயே வென்றார்.

இனி, உப தேர்தல் முடிவைச் சேர்வராயன் மலைமக்களின் தீர்ப்பு என்பதும் பொருந்தாது. தொகுதியின் பெயர் மலையினுடையதாயினும், வாழப்பாடி முதலிய சமவெளியூர்களும் அதனுள் அடங்கும். இரு அபேட்சகரும் பெற்றவை இரண்டு லட்சத்துக்கு மேல். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏற்காடு தாலூகாவின் ஜனத்தொகையோ, குழந்தைகளுட்பட, ஏறக்குறைய 42,000.

இவை மெய்த்தொகையை வளைத்துரைப்பன. தொகையையே மறுத்துரைப்பாரும் உளர். 2020-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் ஜனாதிபதி டிரம்ப் 11,779 வாக்குகளால் தோற்றார். மரித்தோர் ஏறத்தாழ 5,000 பேர் பெயரால் வாக்குகள் விழுந்தன என்று அவர் சாதித்தார். விசாரணையில் அகப்பட்டவை நான்கே. சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையாலெண்ணியும் வென்றவர் மாறவில்லை.

இதனால் நேரும் கேடு யாது? வளைத்துரைத்தால், ஏற்காட்டில் தோற்றவருக்கு வாக்களித்த 64,655 பேர் இல்லாதவர்போல் ஆகின்றனர். மறுத்துரைத்தால், சாவடிக்குச் செல்வதே வீண் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றுகின்றது. இரண்டும் குடியரசின் அடித்தளத்தை அரிப்பனவே.

ஆகலின் மாணாக்கர் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ளல் வேண்டும். வித்தியாசத்தைக் கேட்டவுடன், அபேட்சகர் ஒவ்வொருவரும் பெற்ற முழுத்தொகை யாது, முந்திய தேர்தலில் பெற்றது யாது, எவ்வூர்களின் வாக்கு என வினவுக. சாவடிவாரியான கணக்கைத் தேர்தல் கமிஷனே வெளியிடுகின்றது. கூட்டலும் கழித்தலும் அறிந்த எவரும் அதனைச் சரிபார்த்தல் கூடும். கட்சி எதுவாயினும் கணக்கு ஒன்றே. நமக்கு வேண்டியவர் பேச்சையே முதலில் சோதித்தல் நடுவுநிலைமையாம்.