குடகனாற்று மீன்களின் கணக்கு

குடகனாற்றைப் பற்றி நம் கையில் உள்ள ஆவணங்கள் பெரும்பாலும் துன்பத்தின் ஆவணங்கள். 1977 வெள்ளத்தில் அதன் அணை உடைந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, இந்த ஆறு ஓடும் திண்டுக்கல் மாவட்டத்தின் பெயரும் அதில் இடம்பெற்றது. பின்னர் ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் இப்படுகையின் நிலத்தடி நீரை ஆராய்ந்தது. இவை யாவும் நீரைப் பற்றியவை. அந்த நீரில் யார் எதைத் தின்று வாழ்ந்தார்கள் என்ற கணக்கும் ஆற்றின் வரலாறுதான்.

அதை எழுத மீன்களின் உடம்பிலேயே வழி இருக்கிறது. கார்பனிலும் நைட்ரஜனிலும் எடை கூடிய அணுக்கள் சிறிதளவு கலந்திருக்கின்றன; கார்பனில் நூற்றுக்கு ஒன்று, நைட்ரஜனில் அரைக்கும் குறைவு. கதிர்வீசாத, சிதையாத இவை நிலையான ஐசோடோப்புகள். இரை உடம்பாக மாறும்போது கனமான நைட்ரஜன் கூடுதலாகத் தங்குகிறது, லேசானது கழிவோடு வெளியேறுகிறது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 என்ற அளவில் கனமான நைட்ரஜனின் விகிதம் உயர்கிறது என்று 1984-இல் ஆய்வாளர்கள் மினகாவாவும் வாடாவும் காட்டினார்கள். கார்பனோ அதிகம் மாறாமல் மூலத்தைச் சொல்லும்: சோளம், கம்பு, கரும்பு ஒரு வகை; நெல்லும் மரத்து இலையும் வேறு வகை. விராலின் வயிற்றைக் கிழித்தால் நேற்றைய இரைதான் தெரியும். தசையோ பல மாதச் சாப்பாட்டைச் சொல்லும்.

சாக்கடை கலக்கும் ஆற்றில் மட்டும் கவனம் வேண்டும். ஊர்க்கழிவின் நைட்ரஜன் பெரும்பாலும் கனம் கூடியது. அதை உறிஞ்சிய பாசியும், பாசியை மேய்ந்த மீனும் ஒரு படிகூட ஏறாமலே எண்ணில் ஏறிவிடும். திண்டுக்கல்லுக்குக் கீழே பிடித்த ஜிலேபிக் கெண்டை, ஆத்தூரில் பிடித்த விராலைவிடப் பெரிய வேட்டைக்காரன் போலத் தெரியலாம். அதனால் இடம் பெயராத மட்டியையும் நத்தையையும் முதலில் அளந்து அடிப்படை அளவை வகுத்துக்கொள்ள வேண்டும். கபானாவும் ராஸ்முசனும் 1996-இல், அந்தத் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், மக்கள் நெருக்கம் கூடிய படுகைகளில் இந்த அடிப்படை அளவே உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். ஊரின் கழிவு உயிர்களின் உடம்புக்குள் எவ்வளவு புகுந்தது என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியாது. தோல் ஆலைகளின் குரோமியத்தை இம்முறை காட்டாது. அதே மீனில் அதைத் தனியே அளக்க வேண்டும்.

பழைய மீன்களை எங்கே தேடுவது? மதராஸ் படையின் மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை 'இந்திய மீன்கள்' நூலை வெளியிட்டார். அவர் சேர்த்த மீன்கள் லண்டனிலும் கொல்கத்தாவிலும் இருக்கின்றன. ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்கு வந்தது 1952-இல். டே சேர்த்த மீன்கள் அதற்கு முந்தைய நீர்நிலைகளின் சாட்சிகள். நம் காலத்துக்கும் அப்படியொரு சேமிப்பு வேண்டும் என்பதே இத்தலையங்கத்தின் கோரிக்கை. மாவட்டத்துக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளே இதைச் செய்யலாம். ஆத்தூர் நீர்த்தேக்கம், நகருக்குக் கீழே ஒரு மடு, அழகாபுரி அணை என மூன்று இடங்கள் போதும். மழைக்குப் பின்னும் கோடையிலும் மட்டி, நத்தை, கெண்டை, விரால் எடுக்கலாம். ஃபார்மலின் கார்பன் கணக்கைக் கொஞ்சம் மாற்றிவிடும். ஆகவே தசையை உலர்த்தி, செதிலோடு உறையிலிட்டு, இடமும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். அளக்கும் கருவிக்கான பணத்தைப் பின்னர் தேடிக்கொள்ளலாம். மீனை இந்த ஆண்டே எடுத்தாக வேண்டும்.