ஓட்டுப் போடாத வீரர்களே!

"எல்லாரும் திருடன்தான். எனக்கு எதுக்கு வோட்டர் ஐடி?" வகுப்பில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மக்களே, நீங்கள் ஒதுங்கியதால் எந்த வேட்பாளருக்கும் தூக்கம் கெடவில்லை. பட்டியலில் பேர் இல்லாதவர் வீட்டுக் கதவை யாரும் தட்டப் போவதுமில்லை.

நோட்டா இருக்கே என்பீர்கள். 49ஓ காலத்தில் வாக்குச்சாவடியில் வெளிப்படையாகச் சொல்லிப் பதிய வேண்டியிருந்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 2013-ல் ரகசியமாக அமுக்கப் பொத்தான் வந்தது. நல்லதுதான். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தாலும், அடுத்து வந்தவர்தான் எம்எல்ஏ!

1996-ல் மொடக்குறிச்சியில் 1033 பேர் களத்தில் நின்றார்கள். விவசாயிகளின் எதிர்ப்பு அது. நாடே திரும்பிப் பார்த்தது. ஜெயித்தது என்னவோ திமுக வேட்பாளர்தான். டெபாசிட் தொகையும் ஏறியது.

தென்னேரிக்காரர்கள் நாம் உத்திரமேரூர் குடவோலையைப் பெருமையாகப் பேசுவோம். அது தேர்தல்கூட இல்லை, குலுக்கல். நிலமும் வேதப் படிப்பும் இருந்த ஆண்களுக்கு மட்டும். ஆனால் 921-ம் ஆண்டுக் கல்வெட்டில் ஒரு விதி உண்டு: கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் பொறுப்புக்கு வரக்கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

இன்று கணக்குக் கேட்கும் இடம் கிராம சபை. அதில் உறுப்பினர் யார்? ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்!

17 முடிந்தாலே படிவம் 6 கொடுக்கலாம். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். இருப்பவர்களில் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவருக்குக் குத்துங்கள். ஒருவரும் தேறவில்லையா, நோட்டா. எதுவானாலும் பட்டியலில் பேர் இருக்கட்டும். அதுகூட இல்லாமல் எந்த உரிமையில் கணக்குக் கேட்பீர்கள்?