காசும் அது கிடைத்த மண்ணும்

தாடிக்கொம்பைத் தொட்டுச் செல்லும் குடகனாறு வடக்கே ஓடிக் கரூர்ப் பக்கம் அமராவதியில் கலக்கிறது. அந்த அமராவதிப் படுகையில்தான் ரோட்ஸ், கிரீட், தெசலி முதலிய கிரேக்க நிலங்களின் பழங்காசுகள் கிடைத்தன. கண்ணைப் பறிக்கும் பொன்னல்ல அவை. ஆயினும் தினமலர் ஆசிரியராயிருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி (2021இல் மறைந்தார்) அவற்றைத் தேடிச் சேர்த்து, படித்து, நூலாக்கினார். யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூற்றில் பாடமாக நடத்தும் நம்மைப் போன்றோர் அவருக்குக் கடன்பட்டுள்ளோம்.

கிரேக்கப் பொற்காசு சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று தமிழாசிரியர்கள் ஒதுங்கிவிடுகிறோம். நமக்கு இதில் வேலை உண்டு என்பதே எம் கருத்து. சேரர் வஞ்சி கரூரா, கேரளக் கரையிலா என்று புலவர்கள் எத்தனை காலம் வழக்காடினர்! கரூர் ஆற்றில் மாக்கோதை, கொல்லிப்பொறை எனப் பெயர் பொறித்த காசுகள் வெளிப்பட்டபின் கரூர்க் கட்சி வலுத்தது. அக்காசுகளின் வலிமை உலோகத்தில் இல்லை; கிடைத்த இடத்தில் இருந்தது. அதே காசுகள் இடம் சொல்லப்படாமல் ஏதோ ஒரு நகரத்துக் கடையில் விலைக்கு வந்திருந்தால் வஞ்சி வழக்கில் அவை சாட்சி சொல்லியிருக்க முடியுமா?

உலகச் சந்தையும் இப்பாடத்தைத் தாமதமாகக் கற்கிறது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் வெளியிட்ட பொற்காசு ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் ஏறத்தாழ 42 இலட்சம் டாலருக்கு விலைபோனது. அதன் பூர்வீகம் பொய்யாகப் புனையப்பட்டது தெரியவந்து, 2023இல் கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் ஊரில் பொய்யைப் பிறப்பிப்பது அச்சம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அச்சட்டத்தில் இடமுண்டு. இதை உழவரிடம் யார் சொன்னார்கள்? காவலர் வருவார் என்பது மட்டுமே அவர் அறிந்தது. ஆகவே காசு பட்டறையில் உருகுகிறது, அல்லது ஊர்ப்பெயரை இழந்து சேகரிப்பாளர் பெட்டிக்குள் போகிறது.

1856இல் பழனியை அடுத்த கலையம்புத்தூரில் அறுபதுக்கு மேற்பட்ட உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. ஊர்ப்பெயர் பதிவானதால் இன்றும் அவற்றைப் பேசுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவரொருவர் கைபேசியில் ஒரு பொற்காசின் படத்தைக் காட்டினார். வாங்கிய இடத்தில் "எங்கே கிடைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்" என்றார்களாம். நாமும் அன்று விலையைத்தான் கேட்டோம்.