பிள்ளைகளுக்கு மனப்பயிற்சி: மருந்தா, மயக்கமா?

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுப்பதுபோலவே, தன் மனம் போகும் போக்கைக் கவனிக்கவும், தன்னிடத்தில் தானே பரிவாயிருக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று இப்போது எங்கும் பேசப்பட்டு வருகிறது. மேல்நாட்டார் இதில் முதலாவதற்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். டில்லி சர்க்கார் 2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ‘மகிழ்ச்சிப் பாடம்’ என்று ஒன்றைத் தங்கள் பள்ளிகளில் நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை ஆரம்பித்து, அதில் மனதைக் கவனிக்கும் பழக்கத்தையும் சேர்த்தார்கள். நமது நாட்டிலும் பள்ளிக்குப் பள்ளி யாராவது ஒருவர் வந்து, ‘கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள்’ என்று சொல்லுவது வழக்கமாகி வருகிறது.

வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல், சிவகிரி, புளியங்குடி முதலிய ஊர்களிலுள்ள தோழர்கள் இதைப்பற்றி நம்மைக் கேட்கிறார்கள். ஒரு சாரார், ‘இது சாமியார் மடத்து வியாபாரம் கொல்லைப்புற வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவதல்லவா?’ என்கிறார்கள். மற்றொரு சாரார், ‘பிள்ளைகள் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் என்ன கெட்டுப்போயிற்று?’ என்கிறார்கள். இரண்டு கேள்வியும் நியாயமானவையே. இரண்டுக்கும் சேர்த்துச் சமாதானம் சொல்ல வேண்டியது நமது கடமையாகிறது.

முதலில் சரக்கு என்னவென்று பார்ப்போம். 1979-ஆம் வருஷம் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வாழ்ந்துகொண்டிருந்த நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றை ஏற்படுத்தினார். பௌத்தர்களின் தியானப் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, சடங்கு, பூசை, மறுபிறப்பு ஆகியவற்றைக் கழித்துவிட்டு, மூச்சைக் கவனித்தல், உடம்பைக் கவனித்தல், எண்ணம் வருவதையும் போவதையும் கவனித்தல் என்ற அளவில் அதை வைத்தார். பிறகு 2003-இல் டெக்சாஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் என்னும் அம்மையார் ‘தன்னிடத்தில் பரிவு’ என்பதற்கு மூன்று அம்சங்களைச் சொன்னார். ஒன்று, தவறியபோது தன்னைத் திட்டாமல் தன்னிடம் அன்பாயிருப்பது. இரண்டு, இந்தக் கஷ்டம் தனக்கு மாத்திரம் நேர்ந்ததல்ல, மனிதராய்ப் பிறந்த எல்லோருக்கும் நேரக்கூடியது என்று அறிவது. மூன்று, துன்பத்தை மூடி மறைக்காமலும் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது.

இந்த மூன்றில் கடவுள் எங்கே இருக்கிறது? மந்திரம் எங்கே இருக்கிறது? குரு தட்சணை எங்கே இருக்கிறது? ஒன்றுமே இல்லை. கோபமோ பயமோ வந்தால் இருதயம் படபடக்கிறது. மூச்சு மேலும் கீழும் வாங்குகிறது. அப்போது மூச்சை நிதானமாக நீளவிட்டால், மூளையிலிருந்து இருதயத்துக்கு வரும் வேகஸ் என்னும் நரம்பின் வேலையால் இருதயத் துடிப்பு தணிகிறது. இது உடற்கூறு. பூணூல் போட்டவனுக்கும் போடாதவனுக்கும், தொழுகிறவனுக்கும் தொழாதவனுக்கும், கடவுள் இல்லை என்கிற நமக்கும் அந்த நரம்பு ஒரே மாதிரிதான் வேலை செய்கிறது. ஆகவே சரக்கைக் கண்டு பகுத்தறிவுக்காரன் பயப்பட வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை.

சரி, இது நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும்? பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையின் மூளையில், யோசித்து அடக்கி ஆளும் பகுதி இன்னும் முதிரவில்லை. அது இருபது வயதைக் கடந்த பின்புதான் முற்றும் முதிருகிறது என்கிறார்கள் மூளை ஆராய்ச்சிக்காரர்கள். அந்தப் பிராயத்தில்தான் நாம் பிள்ளைகள் தலையில் பத்தாம் வகுப்புப் பரீட்சையையும், பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையையும், டாக்டர் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையையும் ஏற்றுகிறோம். கரும்பு வெட்டப் போகும் தகப்பனும் எலுமிச்சை பறிக்கப் போகும் தாயும், ‘நாங்கள்தான் இப்படியாகிவிட்டோம், நீயாவது கரையேறு’ என்கிறார்கள். அது ஆசை, குற்றமல்ல. ஆனால் மார்க்கு குறைந்த அன்றைக்கு வாயில் வருவதென்ன? ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு’, ‘உன்னைப் பெற்றதற்கு ஒரு அம்மிக்கல்லைப் பெற்றிருக்கலாம்’. பெண் பிள்ளையாயிருந்தால் நிறத்தையும் நடையையும் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். சொன்னவர் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார். கேட்ட பிள்ளையோ அந்தச் சொல்லையே தன் சொந்த அபிப்பிராயமாக்கிக்கொண்டு, இரவெல்லாம் தன்னைத்தானே அதே வார்த்தையால் அடித்துக்கொண்டு கிடக்கிறது.

சர்க்கார் கணக்குப்படி 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் மாத்திரம் 13,044 பேர். நாளொன்றுக்கு முப்பத்தைந்து பிள்ளைகள்! இதற்குக் காரணம் ஒன்றல்ல, பலவாகும். ஆனாலும், ‘நான் தோற்றுவிட்டேன்’ என்பதற்கும் ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பிள்ளைக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? ‘உன் சிநேகிதன் பரீட்சையில் தவறிவிட்டு அழுதுகொண்டு வந்தால் நீ என்ன சொல்லுவாய்?’ என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள். ‘போகட்டும், அடுத்த தடவை எழுதலாம், வா’ என்றுதான் சொல்லும். அந்த வார்த்தையை நீ உனக்கே ஏன் சொல்லிக்கொள்ளக்கூடாது என்று கேட்பதுதான் இந்தப் பாடம் முழுவதும். இதைச் சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரமமும் தேவையில்லை.

நிற்க, இனி இந்தச் சரக்கைச் சுற்றிவரும் காகிதத்தைப் பார்ப்போம். 2024-ஆம் வருஷம் சென்னையில் அசோக் நகர், சைதாப்பேட்டை ஆகிய இரண்டிடத்துச் சர்க்கார் பள்ளிகளில், மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டுவதாகச் சொல்லி மகாவிஷ்ணு என்பவரைப் பேச வைத்தார்கள். அவர் பேசியது என்ன? கையில்லாமலும் காலில்லாமலும் கண்ணில்லாமலும் பிறப்பதும், ஏழையாய்ப் பிறப்பதும் முன் ஜென்மத்தில் செய்த பாவத்தின் பலன் என்பது! அங்கே இருந்த சங்கர் என்னும் தமிழாசிரியர், தாமே கண்பார்வையற்றவர், எழுந்து நின்று ‘பள்ளிக்கூடத்தில் மறுஜென்மத்தைப்பற்றிப் பேசலாமா?’ என்று கேட்டார். நாடெங்கும் கூச்சல் எழுந்தது. செப்டம்பர் 7-ந் தேதி பேச்சாளர் கைது செய்யப்பட்டார். கல்வி மந்திரி அன்பில் மகேஷ் அந்த ஆசிரியரைப் பகிரங்கமாகப் பாராட்டினார்.

கைது செய்ததோடு விஷயம் தீர்ந்துவிட்டதாக நாம் எண்ணவில்லை. தோழர்கள் இதிலுள்ள சூதைக் கவனிக்க வேண்டும். தன்னிடத்தில் பரிவு என்பதும் கர்மபலன் என்பதும் ஒன்றையொன்று அடித்து வீழ்த்துகிற சங்கதிகளாகும். பரிவு என்ன சொல்லுகிறது? ‘உன் கஷ்டம் மனிதர்க்கெல்லாம் வரக்கூடிய கஷ்டம். நீ தண்டனைக்குரியவன் அல்ல’ என்கிறது. கர்மம் என்ன சொல்லுகிறது? ‘உன் கஷ்டம் உனக்கே உரியது. நீ செய்த பாவத்துக்குத் தண்டனை’ என்கிறது. ஒரு கையால் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு மற்றொரு கையால் அதன் கழுத்தை நெரிப்பவனை அன்பன் என்று சொல்லுவோமா? பிறவியிலேயே ஒருவன் மேல், ஒருவன் கீழ் என்று நம்புகிறவன், நாம் மேலே சொன்ன மூன்று அம்சங்களில் இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்கவே முடியாது. ஏனெனில் அந்த இரண்டாவது அம்சத்தின் பெயர் சமத்துவம்.

இது சென்னையோடு நிற்கிற சங்கதியல்ல. 2019-இல் தென்காசி தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் வாசுதேவநல்லூர் எந்தத் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்ததோ, அதே ஜில்லாவைச் சேர்ந்த நாங்குநேரியில் 2023-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் நடந்ததென்ன? பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் ஜாதி மாணவன் ஒருவனை, அவன் பள்ளிக்கூடத்துப் பையன்களே வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பையன் பிழைத்து, மறு வருஷம் பரீட்சையிலும் தேறினான். சர்க்கார் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒருநபர் கமிட்டி ஏற்படுத்தினார்கள். அவர் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், ஜாதியைக் காட்டும் கலர்க் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாதென்றும், பள்ளிகளின் பெயரிலுள்ள ஜாதிப் பெயரை எடுத்துவிட வேண்டுமென்றும் சொன்னார்.

இப்போது யோசியுங்கள். தினம் ஜாதிப் பெயர் சொல்லி இழிவு செய்யப்படுகிற பிள்ளையிடம் போய், ‘மூச்சைக் கவனி, மனதைச் சாந்தமாக வைத்துக்கொள்’ என்று மாத்திரம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? முள்ளின்மேல் நிற்கிறவனுக்கு முள்ளை எடுக்காமல், பொறுத்துக்கொள்ளப் பழக்குவது என்றுதானே அர்த்தம்? பரிவு என்பது இழிவைச் சகிக்கப் பழக்குவதல்ல. ‘எனக்கு இது செய்யப்படுவது அக்கிரமம், நான் அதற்குரியவன் அல்ல’ என்று தெளிவாக அறிந்து, பதறாமல் எழுந்து நின்று கேட்பதற்குத்தான் பரிவு வேண்டும். தன்மதிப்பு இல்லாத பரிவு வெறும் தன்னிரக்கம். மூலையில் உட்கார்ந்து அழுவதற்கே அது பயன்படும்.

அரிவாள் எடுத்த பையன்களும் பதினேழு வயதுப் பிள்ளைகளே என்பதையும் மறக்கக்கூடாது. கோபம் வந்த அந்த நிமிஷத்தில் நின்று பார்க்கும் பழக்கம் அவர்களுக்கும் வேண்டியதுதான். ஆனால் காலையில் பத்து நிமிஷம் மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் அவன் கையில் கயிற்றைக் கட்டி, ‘நம் பெருமை என்ன, அவன் யோக்கியதை என்ன’ என்று காதில் ஓதினால், அந்தப் பத்து நிமிஷம் என்ன செய்யும்? பிறர் பிறவியைத் தாழ்த்தித் தன்னை உயர்த்திக்கொள்ளுகிறவன் தன்னிடத்திலும் உண்மையான பரிவு கொள்ள முடியாது. அவன் பெருமை அடுத்தவன் தலை நிமிர்ந்தவுடன் உடைந்துபோகிற பெருமை; ஆகையால்தான் அரிவாளைத் தேடுகிறான்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சியைச் சகல நோய்க்கும் சஞ்சீவி என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். பிரிட்டனில் 84 பள்ளிகளில், 11 முதல் 13 வயது வரையுள்ள எட்டாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். மனதைக் கவனிக்கும் பாடம் படித்த பிள்ளைகளுக்கும், பள்ளியின் வழக்கமான பாடத்தை மாத்திரம் படித்த பிள்ளைகளுக்கும் மனநலத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைப் பழகவே இல்லை. ஏற்கெனவே மனத்துன்பம் அதிகமுள்ள பிள்ளைகளுக்குச் சிறிது பாதகமாகவும் இருக்கலாமென்ற சந்தேகமும் எழுந்தது. இந்த முடிவை மூடி மறைக்காமல் அந்த ஆராய்ச்சிக்காரர்களே வெளியிட்டார்கள். அதுதான் அறிவின் யோக்கியதை. நம் நாட்டுச் சாமியார் எவராவது ‘நான் சொல்லிக்கொடுத்தது பலிக்கவில்லை’ என்று நோட்டீஸ் போட்டதுண்டா?

ஆகவே இதை அடியோடு தள்ளவும் வேண்டாம்; தலையில் வைத்துக் கூத்தாடவும் வேண்டாம். நாம் கேட்பது இவைதான். ஒன்று, பள்ளிக்குள் இதைச் சொல்லிக்கொடுப்பவர் பயிற்சி பெற்ற ஆசிரியராகவோ மனநல ஆலோசகராகவோ இருக்க வேண்டும். காவி கட்டினவரோ கட்டணம் வாங்குகிறவரோ கூடாது. இரண்டு, எந்த மதத்து மந்திரமும் ஜென்மக் கதையும் உள்ளே வரக்கூடாது. மூன்று, கட்டாயம் கூடாது. கண்ணை மூடப் பயப்படுகிற பிள்ளை கண்ணைத் திறந்துகொண்டே இருக்கட்டும். நான்கு, கூட்டமாக உட்கார வைத்ததோடு வேலை முடிந்ததென்று எண்ணாமல், துன்பப்படுகிற பிள்ளையைத் தனியே கண்டு கேட்க ஒரு ஆள் ஒவ்வொரு பெரிய பள்ளியிலும் வேண்டும். 2022 அக்டோபர் முதல் 14416 என்ற நம்பரில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு உதவ 1098 இருக்கிறது. இந்த இரண்டு நம்பரையும் ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கட்டும். சரஸ்வதி படம் மாட்ட ஆணி அடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு கஷ்டமல்ல.

ஐந்தாவதுதான் முக்கியம், அது பள்ளிக்கல்ல, நமக்கு. பிள்ளை தன்னோடு தான் பேசிக்கொள்ளுகிற பாஷை அது பிறரிடம் கேட்டுப் பழகிய பாஷையே. உபாத்தியாயரும் தாய் தகப்பனும் வாயைத் திருத்திக்கொள்ளாமல் பிள்ளைக்குப் பரிவைக் கற்பிக்க முடியாது. மார்க்குக் குறைந்து வருகிற பிள்ளைக்கு முதலில் சோறு போடுங்கள். பிறகு, ‘எந்த இடத்தில் தவறிற்று, வா பார்ப்போம்’ என்று கேளுங்கள். ஜாதி சொல்லி எவனாவது இழிவு செய்தான் என்று பிள்ளை வந்து சொன்னால், ‘நமக்கேன் வம்பு’ என்று அதன் வாயை அடைக்காமல், அதன் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்கிற வீட்டுப் பிள்ளைக்கு மூச்சைக் கவனிப்பதும் ஒரு நல்ல உதவியாகும். செய்யாத வீட்டுப் பிள்ளைக்கு, ஆயிரம் பேச்சாளர்கள் வந்து கண்ணை மூடச் சொன்னாலும், மூடின கண்ணுக்குள்ளும் நம் வசவுதான் கேட்டுக்கொண்டிருக்கும்.